தாய்வகை கொடுத்த வாக்கு

நிரல் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இந்தத் தொழிலில் எனக்கு முப்பது ஆண்டு ஆகப்போகிறது. உங்களைப் போன்றவர்கள் எழுதும் நிரலைப் படித்துப் பார்ப்பதுதான் இப்போது என் அன்றாட வேலை. அதில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் ஒன்று உண்டு: ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸை ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்று சொல்லும் முதல் வரி. எழுத ஐந்து வினாடி போதும். தப்பாக எழுதிவிட்டால் கழற்றி எடுக்க மாதக்கணக்கில் ஆகும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு வங்கிக்கான மென்பொருளில் இருந்தேன். ‘கணக்கு’ என்றொரு கிளாஸ் ஏற்கெனவே இருந்தது. அதில் பணம் போடலாம், எடுக்கலாம், இருப்பைக் கேட்கலாம். நிரந்தர வைப்பை (எஃப்.டி.) அதில் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. எஃப்.டி.யும் ஒரு கணக்குதானே என்று அதைக் ‘கணக்கு’ கிளாஸின் பிள்ளையாக்கினேன்: ‘கணக்கு’ தாய்வகை, எஃப்.டி. பிள்ளைவகை. முதிர்வுக்கு முன் பணம் எடுக்கக் கூடாது என்பதால் ‘எடு’ என்ற மெத்தடுக்குள் ஒரே வரி எழுதினேன்: எக்ஸெப்ஷன் வீசு. கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. என் டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சை.

மாதக் கடைசி இரவு, எல்லாக் கணக்கிலும் சேவைக் கட்டணம் கழிக்கும் புரோகிராம் ஓடியது. நான் வேலைக்கு வருவதற்கு முன்பே யாரோ எழுதியது அது. முதல் எஃப்.டி.யைத் தொட்டதும் பாதியில் நின்றுவிட்டது. பணியில் இருந்தவர் மறுபடி ஓடவிட்டார். முன்பு கழித்த கணக்குகளில் இரண்டாம் தடவையும் பணம் கழிந்தது. விடியும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகச் சரிசெய்தோம். என் சீனியர் கோபப்படவில்லை. அந்தப் புரோகிராமில் கட்டணம் கழிக்கும் லூப்பைத் திரையில் காட்டி, “தம்பி, இதை எழுதினவர்கிட்ட ‘எஃப்.டி. ஒரு கணக்கு’ன்னு நீ சொல்லியிருக்கே. அப்படிச் சொல்லும்போது அவருக்கு என்ன வாக்கு குடுத்தேன்னு யோசிச்சியா?” என்று மட்டும் கேட்டார்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு நான் பிறகு கண்ட பதில்கள். உதாரணங்களைப் பெரும்பாலும் ஜாவாவிலிருந்து எடுத்திருக்கிறேன். மொழி மாறினாலும் விஷயம் மாறாது.

1. பேச்சுவழக்கை நம்பி உறவு கட்டாதீர்கள்.

“சதுரம் ஒரு செவ்வகம்” என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது உண்மை. அதை வைத்துச் ‘சதுரம்’ கிளாஸைச் ‘செவ்வகம்’ கிளாஸின் பிள்ளையாக்கினால் என்ன ஆகிறது, பாருங்கள். செவ்வகத்தில் அகலத்தை மாற்ற ஒரு மெத்தட், உயரத்தை மாற்ற ஒரு மெத்தட். ஒருவர் தன் நிரலில் அகலத்தை 5 ஆக்குகிறார், உயரத்தை 4 ஆக்குகிறார், பரப்பு 20 வரும் என்று காத்திருக்கிறார். வந்தது சதுரம் என்றால் உயரத்தை மாற்றும்போதே அகலமும் 4 ஆகிவிடும், பரப்பு 16. அவர் எழுதியதில் பிழை இல்லை. “அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் மாற்றலாம்” என்று செவ்வகம் அவரிடம் சொல்லியிருந்தது. சதுரம் அதைக் காப்பாற்றவில்லை.

அளவை மாற்றும் அந்த இரண்டு மெத்தடுகளையும் எடுத்துவிட்டு, ஒருமுறை உருவான வடிவம் மாறாது என்று வைத்துப் பாருங்கள். அப்போது சதுரம் நல்ல பிள்ளை. ஆக, “இது அது ஆகுமா?” என்று கேட்பது போதாது. “அது நிற்கும் எல்லா இடத்திலும் இது நின்றால், அங்கே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாமல் வேலை நடக்குமா?” என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியைத் துறைக்குத் தெளிவாகக் கொடுத்தவர் பார்பரா லிஸ்கோவ். 1987இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டு உரையில் இதைச் சொன்னார். 1994இல் ஜீனெட் விங்குடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைக் கறாரான விதிகளாக்கினார். 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தக் கட்டுரையை ஒருநாள் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

2. தாய்வகையின் வாக்கை முதலில் எழுதிவையுங்கள்.

மெத்தடின் பெயர், அது வாங்கும் வகைகள், திருப்பித் தரும் வகை ஆகியவற்றைக் கம்பைலர் சரிபார்க்கும். அதற்கு மேல் அதற்குக் கண் கிடையாது. ‘எடு’ என்ற மெத்தட் ஒரு தொகையை வாங்குகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். இருப்பு அந்தத் தொகை அளவுக்குக் குறைய வேண்டும் என்பதோ, பணம் போதாவிட்டால் இருப்பைத் தொடக்கூடாது என்பதோ தெரியாது. அவற்றை மனிதர்தான் எழுத வேண்டும். மெத்தடுக்கு மேலே நாலு வரி போதும்: எதை எதிர்பார்க்கிறது, எதைச் செய்து தரும், எப்போது தோற்கும், தோற்றால் எந்த நிலையில் விட்டுவைக்கும். எழுதிவைக்காத வாக்கைப் பிள்ளைவகை எழுதுபவர் காப்பது எப்படி?

3. கேட்பதைக் கூட்டாதீர்கள், கொடுப்பதைக் குறைக்காதீர்கள்.

இந்த வரியை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தாலும் எனக்கு மகிழ்ச்சி. ஐஃபல் மொழியை உருவாக்கிய பெர்ட்ராண்ட் மேயர், மெத்தடுக்கும் அதை அழைப்பவருக்கும் இடையே இருப்பதை ஓர் ஒப்பந்தமாகவே பார்த்தார். வேலை தொடங்கும் முன் அழைப்பவர் நிறைவேற்ற வேண்டியது ஒரு பக்கம். முடிந்தபின் மெத்தட் தந்தாக வேண்டியது மறுபக்கம்.

தாய்வகை எந்தத் தொகையையும் எடுக்கவிட்டது. பிள்ளைவகை “100இன் மடங்காக இருந்தால்தான் தருவேன்” என்றால், கேட்பதைக் கூட்டிவிட்டது. 250 ரூபாய் கழிக்க வந்த பழைய நிரல் அங்கே விழும். தாய்வகை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ரசீது எண் தரும் என்றது. பிள்ளைவகை சில சமயம் ‘நல்’ தருகிறது என்றால், கொடுப்பதைக் குறைத்துவிட்டது. மறுதிசையில் போவதற்குத் தடை இல்லை. தாய் ரூபாயை மட்டும் வாங்கினால் பிள்ளை டாலரையும் வாங்கலாம். தாய் ரசீது எண் மட்டும் தந்தால் பிள்ளை தேதியோடு சேர்த்துத் தரலாம்.

4. தாய் சொல்லாத எக்ஸெப்ஷனை வீசாதீர்கள்.

என் எஃப்.டி. செய்தது இதைத்தான். “இந்த வேலை எனக்குத் தெரியாது” என்று ஒரு மெத்தட் எக்ஸெப்ஷன் வீசினால், அந்தப் பிள்ளை தவறான வீட்டில் பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் பிறகு அதைச் சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன். ‘கணக்கு’ என்ற வகையில் எல்லாக் கணக்குக்கும் பொதுவானதை மட்டும் வைத்தோம்: எண், உரிமையாளர், இருப்பு, வட்டி. ‘எடு’ மெத்தடை ‘பணம் எடுக்கத்தக்க கணக்கு’ என்ற தனி இன்டர்ஃபேஸுக்கு மாற்றினோம். சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் அதன் கீழ் வந்தன. எஃப்.டி.க்கு ‘முதிர்வுக்கு முன் முடி’ என்று அதற்கே உரிய மெத்தட் கொடுத்தோம். கட்டணம் கழிக்கும் லூப், பணம் எடுக்கத்தக்க கணக்குகளை மட்டும் வாங்கும்படி மாறியது. அதன்பின் யாராவது எஃப்.டி.யை அந்த லூப்புக்குள் தள்ளப் பார்த்தால், நள்ளிரவு வரை காத்திராமல் கம்பைலரே பகலில் நிறுத்திவிடும்.

ஜாவாவின் தொகுப்பு நூலகத்தில் இதற்கு மாறான ஒரு முடிவைப் பார்ப்பீர்கள். லிஸ்ட் இன்டர்ஃபேஸில் ‘ஆட்’ போன்ற மெத்தடுகள் “விருப்பத்துக்கு உட்பட்டவை” என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் மாற்ற முடியாத லிஸ்ட் ஒன்றில் எதையாவது சேர்த்தால், ஓடும்போது ‘அன்சப்போர்டட் ஆபரேஷன் எக்ஸெப்ஷன்’ வரும். இன்டர்ஃபேஸ்களின் எண்ணிக்கை பெருகிவிடக் கூடாது என்று தெரிந்தே செய்த தேர்வு அது. வாக்கை முன்பே தளர்த்தி எழுதியதால் வாக்கு மீறல் ஆகாது. ஆனால் யாரோ கொடுத்த லிஸ்ட்டில் சேர்க்க முடியுமா என்ற கவலை அன்றிலிருந்து பயன்படுத்துபவர் தலையில். நீங்கள் ஒரு வாக்கைத் தளர்த்தும்போது அந்தச் சுமை யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

5. மாறாது என்று சொன்னது மாறக்கூடாது.

தாய்வகை எப்போதும் உண்மையாக வைத்திருக்கும் சில விஷயங்கள் உண்டு. “இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது” என்று ‘கணக்கு’ சொல்லியிருந்தால், ஓவர்டிராஃப்ட் கணக்கு அதன் பிள்ளையாக முடியாது. தாயின் வாக்கையே திருத்த வேண்டும்: “இருப்பு, அனுமதித்த வரம்புக்குக் கீழே போகாது.” சேமிப்புக் கணக்கில் வரம்பு பூஜ்யம், ஓவர்டிராஃப்டில் மைனஸ் 50,000. இப்போது இருவரும் உடன்பிறப்புகள். ஆனால் வாக்கைத் திருத்தும் முன், பழைய வாக்கை நம்பி எழுதிய நிரல் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

லிஸ்கோவும் விங்கும் காலத்தையும் இதில் சேர்த்தார்கள். ஒரு ஆப்ஜெக்ட் தன் ஆயுளில் எப்படியெல்லாம் மாறலாம் என்பதும் வாக்கின் பகுதி. உருவானபின் மாறாத ஒரு தாய்வகைக்கு, மதிப்பை மாற்றும் மெத்தட் ஒன்றைச் சேர்த்துப் பிள்ளைவகை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். தாயின் ஒரு மெத்தடையும் நீங்கள் தொடவில்லை. ஆனாலும் தவறுதான். அதை மாறாத பொருள் என்று நம்பி ஒருவர் ஹேஷ்மேப்பில் சாவியாக வைத்திருப்பார். மதிப்பு மாறிய பிறகு, மேப்பில் இருக்கும் பொருளையே தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

6. நாலு மெத்தட் இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காகப் பிள்ளையாகாதீர்கள்.

1996இல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே இந்தத் தவறு இருக்கிறது. ‘ஸ்டேக்’ என்பது கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு. அதை ‘வெக்டார்’ கிளாஸின் பிள்ளையாக்கினார்கள். வெக்டாரின் உள்வேலை அப்படியே கிடைத்தது. கூடவே நடுவில் செருகும் மெத்தடும், அடியிலிருந்து உருவும் மெத்தடும் வந்து சேர்ந்தன. தோசைக்கல்லிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தோசைகளை மேலிருந்துதான் எடுப்போம் என்று எண்ணியிருக்கும்போது, யார் வேண்டுமானாலும் நடுவிலிருந்து உருவலாம் என்ற நிலை. ‘ப்ராப்பர்ட்டீஸ்’ கிளாஸும் அப்படித்தான். அது சொற்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியது. ‘ஹேஷ்டேபிள்’ கிளாஸின் பிள்ளையானதால் எந்தப் பொருளையும் உள்ளே போட முடியும். போடும்போது சத்தம் வராது. கோப்பில் எழுதிச் சேமிக்கும்போதுதான் விழும். பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் இந்த உறவுகளை இன்றுவரை மாற்ற முடியவில்லை. அடுக்கு வேண்டுமென்றால் ‘டெக்’ வகையைப் பயன்படுத்தும்படி ஜாவா ஆவணமே சொல்கிறது.

நிரலை வாங்கிக்கொள்வது வேறு, வாக்கை ஏற்றுக்கொள்வது வேறு. நிரல் மட்டும் வேண்டுமென்றால் அந்த ஆப்ஜெக்டை உங்கள் கிளாஸுக்குள் ஓர் உறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எதை வெளியே காட்ட வேண்டுமோ அதை மட்டும் காட்டலாம். “மரபுரிமையைவிடச் சேர்க்கையை நாடு” என்ற கருத்தை, நால்வர் எழுதி 1994இல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் பரப்பியது. என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டு இடத்தில் அதுவே சரியாக இருந்திருக்கிறது.

7. சமம் என்பது இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

ஜாவாவில் ‘டைம்ஸ்டாம்ப்’ என்பது ‘டேட்’ கிளாஸின் பிள்ளை. ஒரே நேரத்தைக் காட்டும் இரண்டை எடுத்து, “இது உனக்குச் சமமா?” என்று டேட்டைக் கேட்டால் ஆம் என்று சொல்லக்கூடும். டைம்ஸ்டாம்பைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். டைம்ஸ்டாம்பைப் பொதுவான டேட்டாகப் பார்க்க வேண்டாம் என்று அதன் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. பிள்ளைவகையில் புதிய தகவலைச் சேர்த்து, அதையும் சமத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று தோன்றினால் அங்கேயே நில்லுங்கள். அது பிள்ளைவகையாக இருக்கக் கூடாது.

8. மாம்பழக் கூடை, பழக்கூடை அல்ல.

மாம்பழம் பழத்தின் துணைவகை. அதனால் மாம்பழக் கூடையும் பழக்கூடையின் துணைவகை என்று எல்லோரும் முதலில் நினைப்போம். பழக்கூடை கேட்டவர் கையில் மாம்பழக் கூடையைக் கொடுத்தால், அவர் அதில் வாழைப்பழம் போடுவார். பழக்கூடையில் வாழைப்பழம் போடுவது அவர் உரிமை. பிறகு மாம்பழத்தை எதிர்பார்த்துக் கூடைக்குள் கையை விடுபவருக்கு வாழைப்பழம் வரும். ஜாவாவின் அரேக்கள் இந்த உறவை அனுமதித்தன. அதனால் ஒவ்வொரு முறை போடும்போதும் ஓட்டத்தில் சரிபார்த்து ‘அரே ஸ்டோர் எக்ஸெப்ஷன்’ வீச வேண்டியிருக்கிறது. 2004இல் வந்த ஜாவா 5இன் ஜெனரிக்ஸ் இதைக் கம்பைலரிலேயே தடுத்தது. விதி எளிது: எடுக்க மட்டுமே செய்யும் கூடையில் அந்த உறவு செல்லும். போடவும் செய்யும் கூடையில் செல்லாது.

9. எந்தப் பிள்ளை என்று கேட்கும் நிலை வந்தால் விழித்துக்கொள்ளுங்கள்.

“இது எஃப்.டி. என்றால் விட்டுவிடு” என்று லூப்புக்குள் ஒரு ‘இஃப்’ வைத்து நான் அன்றே பிரச்சினையை முடித்திருக்கலாம். அடுத்த மாதம் வேறொரு லூப்பில் அதே ‘இஃப்’ வைக்க வேண்டி வந்திருக்கும். எல்லோரையும் தாயின் பெயரால் அழைத்துவிட்டு, ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டு யாரென்று விசாரிக்க வேண்டியிருந்தால், நோய் உறவில் இருக்கிறது. மருந்தையும் அங்கேதான் போட வேண்டும்.

10. தாயின் டெஸ்ட்டுகளைப் பிள்ளைகள் எல்லோரும் எழுதட்டும்.

மேலே சொன்ன ஒன்பது அறிவுரைகளையும் மறந்தாலும் உங்களைக் காப்பாற்றக்கூடிய பழக்கம் இது. ‘பணம் எடுக்கத்தக்க கணக்கு’ கொடுத்த வாக்குகளை ஒரு பொது டெஸ்ட் கிளாஸாக எழுதுங்கள். “1,000 ரூபாய் இருப்பில் 250 எடுத்தால் 750 இருக்க வேண்டும்.” “எடுக்க முடியாத தொகையைக் கேட்டால் இருப்பு மாறக்கூடாது.” சோதிக்க வேண்டிய ஆப்ஜெக்டை உருவாக்கும் மெத்தடை மட்டும் வெறுமையாக விடுங்கள். ஒவ்வொரு பிள்ளைவகைக்கும் அந்த ஒரு மெத்தடை நிரப்பினால் போதும், தாயின் டெஸ்ட்டுகள் அனைத்தும் அதன்மீது ஓடும். நான் அன்று எஃப்.டி.க்கு எழுதிய டெஸ்ட், “எடுத்தால் எக்ஸெப்ஷன் வருகிறதா?” என்று கேட்டது. வந்தது, பச்சை காட்டியது. தாயின் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

11. பிள்ளைகளை எதிர்பார்க்காத கிளாஸின் கதவைச் சாத்திவையுங்கள்.

ஜோஷுவா பிளாக் 2001இல் எழுதிய ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில் ஒரு பாடம் இருக்கிறது. சேர்த்த பொருள்களை எண்ணுவதற்காக ‘ஹேஷ்செட்’ கிளாஸுக்கு ஒரு பிள்ளை. ஒன்றைச் சேர்க்கும் மெத்தடிலும் எண்ணுகிறது, பலவற்றைச் சேர்க்கும் மெத்தடிலும் எண்ணுகிறது. மூன்று பொருளை மொத்தமாகச் சேர்த்தால் கணக்கு 6 என்கிறது. காரணம், மொத்தமாகச் சேர்க்கும் மெத்தட் உள்ளுக்குள் ஒற்றை மெத்தடைத்தான் அழைக்கிறது. தாயின் உள்வீட்டுப் பழக்கம் தெரியாமல் பிள்ளை சரியாக இருக்க முடியாது. ஆகவே உங்கள் கிளாஸில் எந்த மெத்தட் எதை அழைக்கிறது என்று எழுதிக்கொடுங்கள். முடியாதென்றால் ‘ஃபைனல்’ போட்டு மூடிவிடுங்கள். கோட்லின் மொழியில் கிளாஸ்கள் இயல்பாகவே மூடியிருக்கும், வேண்டுமென்றால் நாம் திறக்க வேண்டும். 2021இல் வந்த ஜாவா 17, இன்னின்ன பிள்ளைகள் மட்டும்தான் என்று பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தவும் வழி கொடுத்தது.

12. சந்தேகம் என்றால் உறவு வேண்டாம்.

தனித்தனியாக இருக்கும் இரண்டு கிளாஸ்களைப் பின்னால் ஒரு பொது இன்டர்ஃபேஸின் கீழ் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. ஏற்கெனவே உறவு கொண்டாடிக்கொண்டு ஊரெல்லாம் பரவிய இரண்டைப் பிரிப்பது அப்படியல்ல. ஸ்டேக்கும் வெக்டாரும் சாட்சி.

கடைசியாக ஒன்று. அந்தக் கட்டண லூப்பை எழுதியவரை நான் கடைசிவரை பார்த்ததில்லை. நான் சேரும் முன்பே அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். எஃப்.டி. என்றொன்று வரும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘கணக்கு’ என்ற ஒரு சொல்லை நம்பி எழுதினார், அவ்வளவுதான். நீங்கள் இன்று எழுதும் பிள்ளைவகையும் இப்படி முகம் தெரியாத பலரின் நிரலுக்குள் போய் நிற்கும். அவர்கள் உங்களிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அதனால் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்று எழுதும் முன், அவர்கள் சார்பில் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: என்ன வாக்குக் கொடுக்கிறேன்?